அடுத்து எந்தப் பாம்பு?

கேள்வி: பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருளும் மலைப்பாம்பு) ஒன்று, கார்ன் ஸ்னேக் ஒன்று வளர்க்கிறேன். இன்னும் ஒரு மூன்றடித் தொட்டிக்கு இடம் இருக்கிறது. பகலில் கொஞ்சம் நடமாடும் பாம்பாக வேண்டும். கிங் ஸ்னேக்கா, வெஸ்டர்ன் ஹாக்நோஸா?

பதில் 1: ஹாக்நோஸ்தான். ஆண் பெரும்பாலும் இரண்டடிக்குள் நின்றுவிடும், பகலில் மண்ணைக் குடைந்துகொண்டே திரியும். பயந்தால் கழுத்தை விரித்துச் சீறி, வாயைத் திறக்காமலே முட்டும், வெறும் மிரட்டல். ஆனால் பின்பற்களில் லேசான விஷம் உண்டு, கவ்வி மென்றால் கை வீங்கும், அதனால் எலி வாசனையோடு கையை உள்ளே விடாதீர்கள்.

பதில் 2: என் ஓட்டு கிங் ஸ்னேக்குக்கு. பால் பைத்தான் மாதக்கணக்கில் பட்டினி கிடப்பதைப் பார்த்து நொந்தவர்களுக்கு இதன் பசியே நிம்மதி. மற்ற பாம்புகளையும் தின்னும், தனித் தொட்டி கட்டாயம்.

கேட்டவர்: சரி, ஹாக்நோஸ். மண் எவ்வளவு ஆழம்?

பதில் 1: நான்கு அங்குலமாவது.