‘வழுக்குப் பூச்சு’ வேண்டாம், ‘நுண்சால்’ எப்படி?

வணக்கம் அண்ணை,

கட்டுரையில் வரும் riblet film, அதுதான் உராய்வைக் குறைக்க மெல்லிய நீளக்கோடுகள் போட்ட படலம், அதற்கு நீங்கள் சொன்ன ‘வழுக்குப் பூச்சு’ வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பொருள் பிழைக்கிறது. போன ஞாயிறு வறைக்கென்று பாசையூரில் சுறாத்துண்டு வாங்கி வந்தேன், அவிக்க முதல் தோலைத் தடவிப் பார்த்தேன். தலைப்பக்கமிருந்து வாலுக்குப் போனால் கை வழுக்குகிறது, திருப்பித் தடவினால் அரம் மாதிரிப் பிறாண்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் செதில் ஒவ்வொன்றும் ஒரு பல்லு, அதன் முதுகில் நீளப்பாட்டுக்கு மேடும் பள்ளமும். இதைப் பார்த்துச் செய்த படலத்தைத்தான் 1987இல் அமெரிக்கக் கிண்ணத்தை வென்ற ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் பாய்ப்படகின் அடியில் ஒட்டியிருந்தார்கள்.

அதன் வேலை வழுக்குவது இல்லை. வேகமாக ஓடும்போது பரப்பை ஒட்டி எழும் சின்னச் சுழிகள் அந்தப் பள்ளத்துக்குள் இறங்க இடமில்லாமல் மேட்டு நுனிகளில் மட்டும் தட்டுப்பட, உள்ளே கிடக்கும் தண்ணீர் மெதுவாக நகர்கிறது, அதனால் உராய்வு கொஞ்சம் குறைகிறது. கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான், 10 சதவீதத்துக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். கோடுகளைக் குறுக்கே போட்டால் உள்ள வேகமும் போய்விடும்.

ஆகவே ‘நுண்சால்’. உழவுச்சாலில் வரும் அதே சால். முதலில் ‘வரிப்படலம்’ என்றுதான் யோசித்தேன், இறைவரித் திணைக்களத்து அலுவல் மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.

அப்புறம் drag reduction, ஓடும் பொருளைத் தண்ணீர் பின்னுக்கு இழுப்பதைக் குறைப்பது, அதற்கு நீங்கள் சொன்ன ‘இழுவை குறைப்பு’. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு அது பழகியிருக்கலாம். இலங்கையில் எங்கள் உயர்தரப் பௌதிகத்தில் இழுவை என்றால் கயிற்றில் இருப்பது (tension), மேற்பரப்பிழுவை (surface tension) என்று இன்னொன்றும் இருக்கிறது; பரப்பைப் பற்றிய கட்டுரையிலேயே எல்லாம் ஒன்றாக வந்தால் பிள்ளைகள் பாவம். ‘பின்னிழுப்பு’ என்றால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

தாமரை இலை மாதிரிக் காற்றைப் பிடித்து வைத்துத் தண்ணீரை ஒட்டவிடாத பரப்பு வேறு சாமான். உங்கள் ‘வழுக்கு’ அங்கே பொருந்தும், எனக்கு ‘நீரொட்டாப் பரப்பு’ இன்னும் பிடிக்கும்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். சந்தி போட்டால் ‘நுண்சாற்படலம்’ ஆகிவிடும், தேசிக்காய் பிழிந்து ஊற்றின மாதிரி. நான் ‘நுண்சால் படலம்’ என்று பிரித்தே எழுதப்போகிறேன், இலக்கணக்காரர் வந்து ஏசட்டும்.