வரும் அழைப்பு மட்டும் அரை நிமிடத்தில் அறுந்துபோகிறது, உதவி தேவை

எங்களுக்கு மார்த்தாண்டத்தில் தேன் வியாபாரம். மொத்தமாக வாங்குகிறவர்கள் அதிகமும் கேரளத்துக்காரர்கள். போன வருடம் இரண்டு ஐபி போன் வாங்கி இணைய இணைப்பில் போட்டோம். ஒரே எண்ணுக்கு இரண்டு பேர் கூப்பிட்டாலும் எடுக்கலாம், குடோனில் இருக்கும் அப்பாவுக்கும் மாற்றிவிடலாம். உண்மையிலேயே பெரிய உபகாரமாக இருந்தது.

போன வாரம் ரூட்டரை மாற்றினார்கள். அன்றிலிருந்து வெளியிலிருந்து வரும் அழைப்பு அரை நிமிடத்தில் கட் ஆகிறது. நாங்கள் கூப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. எத்தனை கிலோ என்று கேட்பதற்குள் போய்விடுகிறது. இது ரப்பர் மரத் தேன் எடுக்கும் காலம் வேறு. நாங்களே போனை வைத்துவிட்டதாக நினைத்து, பல வருடமாக வாங்குகிற ஒருவர் மனம் வருந்திவிட்டார். வேகம் 40 எம்பிபிஎஸ் காட்டுகிறது. பெரிய பிளான் போட வேண்டுமா?

பதில் (நாகர்கோவில்): பிளானுக்குக் காசு போடாதீர்கள் தம்பி. ஒரு பேச்சுக்கு 100 கேபிபிஎஸ்கூட, அதாவது 0.1 எம்பிபிஎஸ்கூட வேண்டாம். கடிகாரம் வைத்துப் பாருங்கள், சரியாக 32 நொடியா? குரல் இரண்டு பக்கமும் கேட்கிறதா?

கேட்டவர்: மூன்று தடவை பார்த்தேன் அண்ணே, மூன்றும் 32. குரல் தெளிவாகக் கேட்கிறது.

பதில் (நாகர்கோவில்): சரி, பிடிபட்டுவிட்டது. நீங்கள் எடுத்ததும் உங்கள் போன் '200 ஓகே' என்று செய்தி அனுப்பும். அதற்கு 'ஏசிகே' என்ற ஒப்புதல் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்து, 32 நொடியில் அழைப்பை முடித்துவிடும். அரை நொடியின் 64 மடங்கு என்று, இணைய போன்கள் அழைப்பை இணைக்கவும் முடிக்கவும் பேசிக்கொள்ளும் எஸ்ஐபி முறையின் விதியிலேயே இருக்கிற கணக்கு அது. குரல் தனி வழியில் போவதால் அதுவரை நன்றாகவே கேட்கும். புது ரூட்டரில் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' ஓடுகிறது என்று நினைக்கிறேன். போன் செய்திகளைத் திறந்து திருத்துகிற ஒரு வசதி அது. உதவுவதாக நினைத்து உங்கள் போனின் முகவரியைத் தப்பாக மாற்றி எழுதிவிடும். ஒப்புதல் வழிதவறிப் போகும். அதை அணைத்துவிடுங்கள்.

பதில் (குலசேகரம்): சில ரூட்டரில் அதை அணைக்கும் இடத்தையே மறைத்து வைத்திருப்பார்கள். அப்படியானால் போனில் டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தைப் போட்டு, செய்தி போகும் வாசல் எண்ணான போர்ட்டை 5060-லிருந்து 5061-க்கு மாற்றுங்கள். செய்தி பூட்டிய பெட்டிபோல் போவதால் ரூட்டரால் கைவைக்க முடியாது. போன் சேவை தருகிறவர்களும் அதை ஏற்க வேண்டும், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: ரூட்டரில் அந்த இடம் இல்லைதான். சேவைக்காரர்களிடம் கேட்டு, கடை போனில் டிஎல்எஸ் போட்டேன். காலையில் கொல்லத்திலிருந்து வந்த அழைப்பு 11 நிமிடம் நின்றது! வருத்தப்பட்டவரை நானே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். 60 கிலோ கேட்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணே. குடோன் போனை மத்தியானம் மாற்றுகிறேன்.