கிரில்லில் அலுமினிய ட்ரே: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நியூ ஜெர்சியிலிருந்து:

போன ஜூலையில் எங்கள் அபார்ட்மென்ட்டில் பன்னிரண்டு குடும்பம் சேர்ந்து கவுண்டி பார்க்கில் கிரில் போட்டோம். பார்க் கிரில் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே? தரையில் நட்ட கம்பத்தின் மேல் ஒரு இரும்புப் பெட்டி, அதன் மேல் துருப்பிடித்த கம்பித் தட்டு. முந்தின நாள் யாரோ சுட்டதின் கொழுப்பு கம்பியில் காய்ந்து ஒட்டியிருக்கும். எங்களில் நாலு குடும்பம் சைவம். மாட்டிறைச்சி சுட்ட கம்பியில் பனீரையும் சோளத்தையும் வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. வராதுதான். அதற்காகவே அலுமினிய ட்ரே ஒரு கட்டு வாங்கிப் போயிருந்தேன். கடையில் பிரியாணி ஆர்டர் செய்தால் வருமே, அதே ஹாஃப் ட்ரே, ஃபுல் ட்ரே.

சைவத்துக்கு அது அருமையாக உதவியது. ட்ரேயின் அடியில் முள்கரண்டியால் நெருக்கமாகக் குத்தி ஓட்டை போட்டோம். புகை உள்ளே ஏறியது, தண்ணீர் கீழே வடிந்தது. பனீரும் குடைமிளகாயும் தண்ணீரில் வேகாமல் சுட்டு வந்தன. ஓட்டை போடாத ட்ரேயில் அதே காய் கூட்டு மாதிரி ஆகிவிடும்.

கோழியில்தான் தப்பு செய்தேன். நாலு கிலோ லெக் பீஸை மசாலாவோடு ஒரே ஃபுல் ட்ரேயில் கொட்டி கரிமேல் வைத்துவிட்டேன். முக்கால் மணி நேரத்தில் கோழி விட்ட தண்ணீரும் எண்ணெயுமாக இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது. கையுறை போட்டுக்கொண்டு இரண்டு பக்க விளிம்பையும் பிடித்துத் தூக்கினேன். ட்ரே நடுவில் தொய்ந்தது. நீளப்பக்க விளிம்பு காகிதம் மாதிரி உள்ளே மடங்கியது. அந்த மடிப்பு வழியாக எண்ணெய் மொத்தமும் கரியில் ஊற்றி, நெருப்பு என் மார்பு உயரத்துக்கு எழும்பியது. கொஞ்சம் என் இடது கால் மேலேயும் விழுந்தது. செருப்புதான் போட்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மாமா ஒருவர் பேஸ்ட் தடவச் சொன்னார். நல்லவேளை, இன்னொரு குடும்பத்தில் நர்ஸ் ஒருவர் இருந்தார். பேஸ்ட் வேண்டாம், ஐஸும் வேண்டாம் என்று சொல்லி, குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காலைக் காட்ட வைத்தார். தழும்பு இன்னும் இருக்கிறது. ஒரு அடி தள்ளி என் பையன் நின்றுகொண்டிருந்தான், அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

இப்போது இரண்டு ட்ரேயை ஒன்றுக்குள் ஒன்று செருகித்தான் வைக்கிறேன். தூக்குவதும் இல்லை. பக்கத்தில் பேக்கிங் ஷீட்டை, அதாவது ஓவனில் வைக்கும் தட்டையான தட்டை, பிடித்து அதன்மேல் ட்ரேயை இழுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு என்ன நடந்தது, எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.

ஸ்கார்பரோவிலிருந்து:

அண்ணா, கால் முழுசாக ஆறிவிட்டதா? வாசிக்கவே பயமாக இருந்தது.

எனக்கு நடந்தது நெருப்பிலே இல்லை, அதற்கு முந்தின இரவு. பூங்காவுக்குக் கொண்டுபோக லேசாக இருக்கும் என்று, கோழியைத் தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு), உப்பு, யாழ்ப்பாணக் கறித்தூள் எல்லாம் போட்டு ட்ரேயிலேயே பிரட்டி, ஃபாயிலால் மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் திறந்தால் கோழித் துண்டுகளின் அடியில் சாம்பல் நிறப் பூச்சு. ட்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபோது ஊசி குத்தினது போல நாலைந்து இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. ஃபிரிட்ஜ் தட்டெல்லாம் மசாலாத் தண்ணீர். ஒரு துண்டைச் சுட்டுப் பார்த்தேன், நாக்கில் இரும்புச் சுவை. பிள்ளைகளுக்குக் கொடுக்க மனமில்லாமல் முழுவதையும் எறிந்தேன். அவ்வளவு கோழியை எறிந்தது இன்றும் மனதுக்குக் கஷ்டம்.

காரணம் தேடி வாசித்தேன். அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது. அதுதான் அதற்குக் காவல். புளிப்பும் உப்பும் சேர்ந்து மணிக்கணக்கில் நின்றால் அந்தப் படலத்தை அரித்துவிடும். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2017-இல் பூச்சில்லாத அலுமினிய ட்ரேக்களைச் சோதித்தது. தக்காளிக் கூழ், ஆப்பிள் கூழ் போன்ற புளிப்புப் பண்டங்களில் அலுமினியம் கூடுதலாகக் கலந்திருந்தது. உணவு வழியாக உடலில் சேரும் அலுமினியத்துக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் வைத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், ஒரு வாரத்துக்கு. ஒரு நாள் பிக்னிக்கில் சாப்பிட்டதற்காக யாரும் பயப்படத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் வாராவாரம் இதையே செய்கிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய, அதனால்தான் சொல்கிறேன்.

இப்போது எவர்சில்வர் சட்டியில் ஊறவைத்து, மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டியில் கொண்டுபோகிறேன். ட்ரேக்குள் போவது நெருப்பில் வைக்கும் நேரத்துக்கு மட்டும். எவர்சில்வர் சட்டியையும் ஃபாயிலால் மூடவேண்டாம். புளிக்குழம்பு ஃபாயிலைத் தொட்டால் அங்கேயும் ஓட்டை விழும்.

ஹூஸ்டனிலிருந்து:

நான் ட்ரேயில் சமைப்பதே இல்லை, அடியில்தான் வைப்பேன். மூடி போட்ட உருண்டை கிரில். கரியை இரண்டு ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் ட்ரேயை வைத்து, பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் ஊற்றுவேன். மேலே கம்பியில் ஆட்டுத்தொடை. மூடியைப் போட்டு, அடியிலும் மேலேயும் காற்றுத் துளைகளைப் பாதி திறந்து வைத்தால் போதும். சொட்டுகிற கொழுப்பு தண்ணீரில் விழுவதால் பற்றாது, கருகின வாடையும் வராது. கோழி என்றால் எலும்புப் பக்கத்தில் 74 டிகிரி செல்சியஸ் வந்ததா என்று தெர்மாமீட்டர் குத்திப் பார்த்துவிடுவேன். நிறத்தை நம்பி நான் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன்.

அந்த ட்ரேயைச் சூட்டோடு எடுக்கவே கூடாது. எல்லாத் துளையையும் மூடிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள், மறுநாள் காலையில் கொழுப்பு கட்டியாக நிற்கும், வழித்து எடுத்துவிடலாம். நியூ ஜெர்சி சார் சொன்ன மாதிரி நெருப்பு எழும்பினாலும் மூடிதான் மருந்து. எண்ணெய் நெருப்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ட்ரேயைக் கம்பிமேல் வைக்காமல் தணல்மேலேயே வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில். நல்ல காற்றுக் கிடைத்த தணல் அதைத் தாண்டும். அப்புறம், கேஸ் கிரில் வைத்திருப்பவர்கள் கம்பி முழுவதையும் ஃபாயிலால் மூடவேண்டாம். சூடு மேலே போக வழியில்லாமல் கீழே திரும்பும். என் நண்பர் வீட்டில் கேஸைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களே இளகிவிட்டன.

லண்டனிலிருந்து:

இங்கே ட்ரே என்றாலே வேறு. ட்ரேக்குள்ளேயே கரி, மேலே கம்பி, தீக்குச்சி வைத்தால் போதும் என்று விற்கிறார்கள். நாலு வருடத்துக்கு முன் எசெக்ஸ் பக்கம் ஒரு கடற்கரைக்குப் போயிருந்தோம். யாரோ சுட்டு முடித்துவிட்டு ட்ரேயை மணலில் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலே பார்த்தால் வெறும் மணல். அக்காவின் மகள், ஆறு வயது, ஓடிவந்து அதன்மேல் கால் வைத்தாள். அந்த அலறல் என் காதை விட்டுப் போகவில்லை. பாதம் முழுக்கக் கொப்புளம், ஆறு வாரம் கட்டு. மணல் கரியை ஆற்றாது, சூட்டைப் பொத்தி வைத்துக்கொள்ளும், மணிக்கணக்கில்.

2020 மே மாதம் டோர்செட்டில் வேரம் காடு 200 ஹெக்டேருக்கும் மேல் எரிந்தபோது, அங்கே இந்த மாதிரி ட்ரேக்கள் பல கிடந்தன. 2022-இல் சில பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் விற்பதையே நிறுத்திவிட்டன. கட்டாயம் வாங்குகிறவர்கள் புல்மேல் வைக்காமல் கல்லின்மேல் வையுங்கள். முடிந்ததும் வாளித் தண்ணீர் ஊற்றி, கை வைத்துப் பார்க்கிற அளவு ஆறிய பிறகு கையோடு எடுத்துப் போங்கள். மழை வந்தது, குளிர்கிறது என்று கூடாரத்துக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள். அணைந்த மாதிரி இருக்கும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வரும், அதற்கு வாடை கிடையாது.

நியூ ஜெர்சியிலிருந்து:

ஸ்கார்பரோ தங்கச்சி, கால் ஆறிவிட்டது, கேட்டதற்கு நன்றி. லண்டன் நண்பர் எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை சாம்பல் போட மூடியோடு ஒரு தகர வாளி வாங்கியாகிவிட்டது.

ஹூஸ்டன் சாரிடம் ஒரு கேள்வி. பார்க் கிரில்லுக்கு மூடியே கிடையாதே. இன்னொரு ட்ரேயைக் கவிழ்த்து மூடினால் லெக் பீஸ் உள்ளே வரைக்கும் வேகுமா?

ஹூஸ்டனிலிருந்து:

வேகும். முதலில் தணல்மேல் இரண்டு பக்கமும் நிறம் வர வாட்டிவிட்டு, கரி குறைவான பக்கம் தள்ளி, ஆழமான ட்ரேயைக் கவிழ்த்து மூடுங்கள். ஓரத்தில் ஒரு கல் வையுங்கள், காற்றடித்தால் பறந்துவிடும். திறக்கும்போது உங்களுக்கு எதிர்ப்பக்க விளிம்பை முதலில் இடுக்கியால் தூக்குங்கள், ஆவி அந்தப் பக்கமாகப் போய்விடும். ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.