சுங்கை சிப்புட் மூணாம் லயம் குழு: ஜீப் இரண்டு, டிரைவர் ஒருவர்

குழு: மூணாம் லயம் சொந்தங்கள் (பெயர்கள் தினேஷ் அழைக்கும் முறையில்; கவிதா அவன் அக்கா, பிரியா ராஜு மாமா, சரசு அத்தையின் மகள்)
சனிக்கிழமை

கவிதா அக்கா (இரவு 9.02): எல்லோருக்கும் வணக்கம். இங்கே அமெரிக்காவில், சால்ட் லேக்கில் விடியற்காலை ஆறு மணி. மே மாதம் என் பட்டமளிப்பு முடிந்ததும் நான்கு நாள் மோவாப் பாலைவனப் பக்கம் போகலாம் என்று தீபாவளிக்கே சொன்னேன். ஜீப் வாடகைக் கடையில் நாளைக்குள் பதில் கேட்கிறார்கள். வருகிறவர்கள் பெயர் மட்டும் போடுங்கள்.

அம்மா: நான், அப்பா, தினேஷ்.

பிரியா: நான்!!! அம்மாவும்.

மணி சித்தப்பா: எனக்கு லீவு கிடைக்காதும்மா. போட்டோ அனுப்பு.

கவிதா அக்கா: ராஜு மாமா?

பிரியா: அப்பா படித்துவிட்டார். நீல டிக் விழுந்திருக்கிறது.

சரசு அத்தை: தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குப் பெரிய அண்டா வேண்டும். யாரிடம் இருக்கிறது? போன வருடம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனது, திரும்பி வரவில்லை.

அம்மா: என்னிடம் இல்லை அண்ணி.

கவிதா அக்கா: கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். விமான நிலையத்தில் எடுக்கும் சாதாரண வாடகைக் காரைத் தார் ரோட்டை விட்டு இறக்கக் கூடாது, ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். அதனால் சால்ட் லேக்கிலிருந்து மோவாப் வரை ஒரு வேன். ஏறக்குறைய 375 கிலோமீட்டர், நான்கு மணி நேரம், நல்ல ரோடு. மோவாப்பில் மண்பாதைக்கென்றே ஜீப் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். ஒரு ஜீப்பில் டிரைவரோடு ஐந்து பேர். நாம் ஆறு பேரோ ஏழு பேரோ, எப்படிப் பார்த்தாலும் இரண்டு ஜீப் வேண்டும். ஒன்றை நான் ஓட்டுவேன். இன்னொன்றுக்கு ஆள் வேண்டும்.

அப்பா: நான் ஓட்டுகிறேன்.

அம்மா: கண் ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் ஆகவில்லை.

அப்பா: மேக்குள் சரியாகிவிடும்.

அம்மா: ஆகாது.

தினேஷ்: நான் ஓட்டலாமே

கவிதா அக்கா: நான் கேட்ட கடையில் இருபத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறார்கள் தம்பி.

தினேஷ்: அப்ப ஹெல்ஸ் ரிவெஞ்ச்? யூடியூபில் பார்த்தேன், பாறை மேலேயே ஜீப் ஏறுகிறது

கவிதா அக்கா: அது வேண்டாம். வழுக்குப் பாறை என்றுதான் அந்தப் பாறைக்குப் பேர். குதிரை லாடத்துக்குத்தான் வழுக்குமாம், ரப்பர் டயர் நன்றாகவே பிடிக்கும். ஆனாலும் இரண்டு பக்கமும் சரிவு. பழக்கமில்லாமல் நான் யாரையும் கூட்டிக்கொண்டு போக மாட்டேன்.

மணி சித்தப்பா: பாலைவனத்தில் ரேட்டல் பாம்பு உண்டு. ஜாக்கிரதை.

சரசு அத்தை: பாம்பா?

பிரியா: சித்தப்பா, அம்மாவைப் பயமுறுத்தாதீர்கள்.

ராஜு மாமா (9.31): நான் எதற்கும்மா. நீங்கள் சந்தோஷமாகப் போய் வாருங்கள். அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம். எனக்கு ஸ்கூல் வேன் இருக்கிறது, பிள்ளைகளை யார் ஏற்றுவது.

கவிதா அக்கா: மாமா, தார் ரோட்டில் முழுக்க நான் ஓட்டுகிறேன். மண்பாதையில் மட்டும் நீங்கள். அங்கே எல்லாரும் மெதுவாகத்தான் போவார்கள்.

அப்பா: மச்சானைக் கட்டாயப்படுத்தாதே. அவருக்கும் சரசுக்கும் டிக்கெட்டை நானே போடுகிறேன் என்று அன்றைக்கே சொன்னேன்.

ராஜு மாமா: டிக்கெட் எடுக்க என்னிடம் பணம் இருக்கிறது மாப்பிள்ளை. இன்னொரு கவர் வேண்டாம்.

அம்மா: அண்ணே. அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

அப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மணி சித்தப்பா: சரி சரி. சாப்பாடு எல்லாம் எப்படி?

அம்மா: அரிசி அங்கே கிடைக்குமா? நெத்திலி சம்பல் கொண்டு வரலாமா?

கவிதா அக்கா: அரிசி கிடைக்கும், சின்ன ரைஸ் குக்கர் என்னிடம் இருக்கிறது. இறைச்சி கலந்தது எதுவும் வேண்டாம். செருண்டிங்கை (இறைச்சித் துருவல்) எடுத்து வைக்கவே வைக்காதீர்கள். சம்பலோ முறுக்கோ, எதைக் கொண்டு வந்தாலும் இறங்கியதும் சுங்கத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். மறைத்தால்தான் தொல்லை.

சரசு அத்தை: எனக்கு முழங்கால் வலி. மலை எல்லாம் ஏற முடியாது.

கவிதா அக்கா: அத்தை, ஏறத் தேவையில்லை. ஆர்ச்சஸ் பூங்காவில் டெலிகேட் ஆர்ச் என்ற கல் வளைவு வரை நடந்து போய்த் திரும்ப ஐந்து கிலோமீட்டர் ஆகும், நிழலே கிடையாது. அது எனக்கும் பிரியாவுக்கும் தினேஷுக்கும். உங்களுக்கு வேறு பக்கத்தில் கார் நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தாலே எட்டத்தில் தெரியும். டெட் ஹார்ஸ் பாயின்ட்டில் விளிம்பு வரை தார் ரோடே இருக்கிறது. கொலராடோ ஆறு 600 மீட்டர் கீழே வளைந்து ஓடுவதை நின்ற இடத்திலேயே பார்க்கலாம்.

சரசு அத்தை: டெட் ஹார்ஸ் என்றால் செத்த குதிரையா?

தினேஷ்: ஆமாம் அத்தை

சரசு அத்தை: நல்ல காரியம் முடிந்து போகிற இடத்துக்கு இப்படியா பேர்.

பிரியா: அம்மா, பட்டுப்புடவையோடு அங்கே ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள், பேர் மறந்துவிடும்.

கவிதா அக்கா (9.58): மாமா, இது உங்களுக்கு. நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். கேனியன்லாண்ட்ஸ் பூங்காவில் ஷேஃபர் டிரெயில் என்று ஒரு பாதை. பெரிய பாறை மேசையின் விளிம்பிலிருந்து ஆரம்பித்து, சுவரில் செதுக்கியது மாதிரி கொண்டை ஊசி வளைவுகளாக 450 மீட்டர் கீழே இறங்குகிறது. சிவப்பு மண். தடுப்புச் சுவர் கிடையாது. முதலில் அந்த மண்ணின் ஆதிக்குடிகள் நடந்த வழி. அப்புறம் ஷேஃபர் குடும்பத்தார் மந்தை ஓட்டினார்கள். 1950களில் அங்கே யுரேனியம் தோண்டியபோது அதை லோரிப் பாதையாக ஆக்கினார்கள். அதாவது மாமா, அது லோரிக்காரர்கள் ஓட்டிய ரோடு. சரக்கை ஏற்றிக்கொண்டு அந்த வளைவுகளில் ஏறியிருக்கிறார்கள். போன அக்டோபரில் நண்பர்களோடு போனபோது எனக்கு உங்கள் ஞாபகம்தான். செம்பனைக் குலை ஏற்றிய லோரியில் என்னை முன்னால் உட்கார வைத்து எட்டாம் நம்பர் காட்டு மேட்டில் இறக்குவீர்களே. கித்தா (ரப்பர்) மரம் வெட்டிய புதிதில் அந்த மண்ணும் இதே நிறம்.

கவிதா அக்கா: கீழே இறங்கியதும் பாதை பொட்டாஷ் ரோட்டில் சேரும். வழியில் பாலைவனத்துக்கு நடுவே பளிச்சென்று நீலக் குளங்கள். பூமிக்கு அடியில் ஆற்றுத் தண்ணீரை விட்டு உப்பைக் கரைத்து, மேலே இழுத்துக் குளத்தில் காய வைக்கிறார்கள். வெயிலைச் சீக்கிரம் உறிஞ்சட்டும் என்று தண்ணீரில் நீலச் சாயம் கலக்கிறார்கள். அதிலிருந்து எடுப்பது பொட்டாஷ் உரம் மாமா. செம்பனைக்குப் போடுகிற அதே எம்.ஓ.பி.

ராஜு மாமா: எம்.ஓ.பி. மூட்டையா

ராஜு மாமா: கையில் சின்னக் காயம் இருந்தாலும் போதும், எரிந்து தொலைக்கும். சாக்கைத் தோளில் போட்டால் கழுத்தெல்லாம் அரிக்கும். அது அங்கேயும் எடுக்கிறார்களா.

கவிதா அக்கா: ஆமாம் மாமா.

மணி சித்தப்பா: அண்டா எங்கள் வீட்டில் இல்லை, அண்ணி. பார்த்துவிட்டேன்.

ராஜு மாமா: மழை பெய்தால்?

கவிதா அக்கா: நனைந்தால் போர் வீல் டிரைவுக்கும் ஆகாது. களிமண் மாதிரி வழுக்கும். ரேஞ்சரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஓடையில் திடீர் வெள்ளம் வேறு வரும், நம் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும்.

ராஜு மாமா: லயத்துக்குப் பின்னால் ஓடைப் பாலம் அப்படித்தான் போனது. மலையில் மழை, கீழே ஒரு சொட்டு இல்லை. எதிரில் வண்டி வந்தால் யார் ஒதுங்குவது?

கவிதா அக்கா: இறங்குகிறவர். ஏறி வருபவருக்கு வழி விடணும்.

ராஜு மாமா: அதுதான் சரி. ஏறுகிறவன் நின்றால் மறுபடி எடுப்பது கஷ்டம்.

அம்மா: தண்ணீர் கிடைக்குமா அங்கே?

கவிதா அக்கா: கிடைக்காது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் கணக்கு. ஏழு பேருக்கு 28 லிட்டர், நாமேதான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பல இடங்களில் போன் லைனும் இருக்காது. இன்னொன்று, பாதையை விட்டு யாரும் கால் வைக்கக் கூடாது. கருப்பாக மொரமொரவென்று இருக்கும் மண் உயிருள்ள மண். நுண்ணுயிர்கள் பிடித்து வைத்திருப்பதால்தான் காற்றில் பறக்காமல் இருக்கிறது. ஒரு முறை மிதித்தால் தேறிவர எத்தனையோ வருடம் ஆகும்.

தினேஷ்: ஓகே

அம்மா: விசாவுக்கு நேர்முகம் எங்கே?

கவிதா அக்கா: கோலாலம்பூரில், ஜாலான் துன் ரசாக் அமெரிக்கத் தூதரகத்தில். அதற்கு முன் டி.எஸ்.160 என்ற விசா விண்ணப்பப் படிவம் ஒவ்வொருவரும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். இந்த வாரமே ஆரம்பியுங்கள். கிடைக்கும் என்று உறுதி கிடையாது, அதனால் விமான டிக்கெட்டை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். ஓட்டுகிறவர் ஜேபிஜேவில் (சாலைப் போக்குவரத்து இலாகா) அனைத்துலக ஓட்டுநர் உரிமமும் எடுத்துவிட்டால் நல்லது.

பிரியா: அப்பா பாஸ்போர்ட் காலாவதி ஆகிவிட்டது. மேடான் தாத்தா சாவுக்குப் போனபோது எடுத்தது.

மணி சித்தப்பா: ஈப்போவில் எடுக்கலாம். அறுபது தாண்டியவர்களுக்கு 100 வெள்ளிதான்.

ராஜு மாமா: நான் வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.

கவிதா அக்கா (10.21): மாமா, ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். என் முதல் வருடக் கட்டணத்துக்கு நீங்கள் லோரியை விற்றது எனக்குத் தெரியும். பிரியா சொல்லவில்லை, எனக்கே தெரியும். அப்பா அந்தப் பணத்தைக் கவரில் போட்டுச் சித்தப்பாவிடம் கொடுத்து அனுப்பியதும் தெரியும். பட்டமளிப்பு மண்டபத்தில் நீங்கள் உட்கார வேண்டும். அப்புறம் அந்தச் சிவப்பு ரோட்டில் நீங்கள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார வேண்டும். வேறு யார் வந்தாலும் வராவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் வர வேண்டும்.

மணி சித்தப்பா: நான் கவரைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் மட்டும்தான்மா.

அம்மா: மணி, சும்மா இரு.

சரசு அத்தை: [குரல் பதிவு 1:12]

பிரியா: அம்மா அழுகிறார்கள். அண்டா பற்றியும் பேசியிருக்கிறார்கள்.

அப்பா (10.40): மச்சான், காலையில் வீட்டுக்கு வருகிறேன்.

ராஜு மாமா: ம்.

கவிதா அக்கா: கடைக்கு என்ன சொல்லட்டும்? ஒரு ஜீப்பா இரண்டா?

தினேஷ்: ரெண்டு

அம்மா: இரண்டே சொல்லு. வேண்டாம் என்றால் பிறகு ஒன்றை விட்டுவிடலாமா?

கவிதா அக்கா: கேட்டுச் சொல்கிறேன்.

ராஜு மாமா (11.07): கவிதா, தூங்கவில்லையே?

கவிதா அக்கா: இங்கே காலை எட்டு மணி மாமா.

ராஜு மாமா: அந்த இறக்கத்தில் பிரேக் பிடித்து இறங்குகிறார்களா, கியரில் விடுகிறார்களா?

கவிதா அக்கா: லோ ரேஞ்ச் போட்டுக் கியரில்தான். பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனால் சூடாகிவிடும்.

ராஜு மாமா: ஆட்டோ கியரா?

கவிதா அக்கா: ஆமாம்.

ராஜு மாமா: ஆட்டோவில் எனக்குப் பழக்கமில்லை. பிரியா காரை நாளைக்கு எடுத்துப் பார்க்கிறேன்.

சரசு அத்தை: முதலில் அந்தக் காரில் போய் அண்டாவை வாங்கி வாருங்கள்.