மகள் மயங்கி மயங்கி விழுகிறாள், பரம்பரையாக வருமா?

தென்கரை அம்மா: மகள் நேற்று மறுபடியும் மயங்கி விழுந்துவிட்டாள். மூன்றாவது தடவை. என் தம்பியும் சின்ன வயசில் இப்படித்தான் விழுவான். இது பரம்பரையா? சீக்கிரம் சொல்லுங்க.

பேட்டைக்காரன்: வயசு என்ன, எங்கே, என்ன செய்யும்போது? ஒன்றுமே சொல்லாமல் நாங்கள் என்னத்தைச் சொல்ல அக்கா?

முக்கூடலான்: ரத்தசோகைதான், சந்தேகமே வேண்டாம். என் மருமகளுக்கு முருங்கைக்கீரை கொடுத்து ரெண்டே மாசத்தில் நின்றது.

பழைய ஈசிஜி: வாராவாரம் இதே கேள்வி, தேடிப் படிக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. தேர்க் கூட்டத்தில் நின்று, வேர்த்து, கண் இருட்டி விழுவது நாடியும் ரத்த அழுத்தமும் சட்டென இறங்குவதால் வருகிற சாதாரண மயக்கம். அதுவும் குடும்பத்தில் ஓடும். படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் சரியாகிவிடும். ஓடும்போதோ நீந்தும்போதோ விழுந்தால்தான் கதை வேறு.

தென்கரை அம்மா: வயசு 13. குறுக்குத்துறையில் நீந்திக்கொண்டிருந்தவள் கை ஓய்ந்து அப்படியே முங்கிவிட்டாள், துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாதான் பின்னலைப் பிடித்து இழுத்துப் போட்டாங்க. முந்தைய ரெண்டும் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில்.

பழைய ஈசிஜி: இதை முதல் வரியில் எழுதக்கூடாதா தாயீ! இன்றைக்கே ஈசிஜி எடுத்து க்யூடி இடைவெளியை, அதாவது இதயம் ஒரு தடவை துடித்து அடுத்ததுக்குத் தயாராக எடுக்கும் நேரத்தை, அளக்கச் சொல்லுங்கள். அது நீண்டுபோகிற பரம்பரை நோயாக இருக்கலாம். அதில் ஒரு வகை, கேசிஎன்க்யூ1 என்ற மரபணுவில் பழுது இருந்தால் இதயச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுவது மந்தமாகி, ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் தயாராக நேரமாகும். அந்த வகைக்கு நீச்சல் ஆகவே ஆகாது. இன்னொரு வகையில் அலாரச் சத்தத்துக்கே விழுவார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. தம்பிக்கும் எடுங்கள், உங்களுக்கும் எடுங்கள். ஒரு ஈசிஜி சரியாக இருந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள்.

மேலப்பாளையம் வாசி: அத்தை மகனைக் கட்டியிருப்பீங்க, அதான்.

பேட்டைக்காரன்: எதற்கெடுத்தாலும் சொந்தத்தை இழுக்காதீரும் வே. இது ஒரு பக்கமிருந்து வந்தாலே போதும்.

மேலப்பாளையம் வாசி: ரெண்டு பக்கமும் வந்தால் பிறவியிலேயே காதும் கேட்காது, 1957-லேயே நார்வேயில் ஒரு குடும்பத்தில் டாக்டருங்க கண்டு எழுதியிருக்காங்க, தெரியுமா?

பேட்டைக்காரன்: அந்தப் பிள்ளைக்குக் காது கேட்கலைன்னு யார் சொன்னா?

மேலப்பாளையம் வாசி: பொதுவாச் சொன்னேன்.

தென்கரை அம்மா: எடுத்தாச்சு. க்யூடி நீளம்தானாம். எனக்கும் அதே. மாத்திரை எழுதியிருக்காங்க, ஆற்றுப் பக்கம் போகக்கூடாதாம். தம்பி நாளைக்கு வாறான்.

முக்கூடலான்: எதுக்கும் முருங்கைக்கீரையும் கொடுங்க.