அம்மாபேட்டை வீடு – புதன் இரவு

தாத்தா, 7:42
எல்லோருக்கும் தெரிவிப்பது. தறியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். தாரமங்கலத்திலிருந்து ஒருவர் திங்கட்கிழமை வந்து பார்க்கிறார். யாரும் வருத்தப்பட வேண்டாம்.

அம்மா, 7:44
அப்பா, மருத்துவமனையிலிருந்து வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் எதற்கு இந்த முடிவு?

தாத்தா, 7:49
நெஞ்சுக்குள் பேட்டரியை வைத்துக்கொண்டு தறியில் உட்கார்ந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஐம்பத்திரண்டு வருடம் நெய்தாகிவிட்டது. போதும்.

சித்தி, 7:51
அப்பா, பேஸ்மேக்கர் வைத்தபோது டாக்டர் சொன்னது என்ன? ஆறு வாரம் இடக்கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. கைப்பேசியை இடப்பக்கச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது. காலையும் மாலையும் நடக்க வேண்டும். தறியை விற்கச் சொல்லவில்லை. நடக்கச் சொன்னதை மட்டும் நீங்கள் செய்யவே இல்லை.

தாத்தா, 7:53
நடந்து எங்கே போவது?

கதிர், 7:58
தாத்தா, எரிக்சன் நெஞ்சிலும் ஒரு கருவி இருக்கிறது. அதோடுதான் கால்பந்து ஆடுகிறார்.

தாத்தா, 7:59
அவர் யார், கண்ணு?

மாமா, 8:06
அப்பா, கதிர் சொல்வது கிறிஸ்டியன் எரிக்சனை. டென்மார்க் நாட்டுக்காரர். மிடில்ஃபார்ட் என்ற சிறிய ஊரில் 1992-இல் பிறந்தவர். பதினாறு வயதில் வீட்டை விட்டு ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் அணிக்குப் போனார். 2010 உலகக் கோப்பைக்குத் தென்னாப்பிரிக்கா வந்த அத்தனை வீரர்களிலும் வயதில் இளையவர் அவர்தான். பதினெட்டு. அயாக்ஸில் தொடர்ந்து மூன்று லீக் பட்டம். 2013-இல் லண்டனின் டாட்டன்ஹாம் அணிக்குப் போய் 305 ஆட்டங்களில் 69 கோல் அடித்தார். ஆனால் கோலை எண்ணி அவரை அளக்க முடியாது. அவருடைய வேலை வேறு.

தாத்தா, 8:07
என்ன வேலை?

மாமா, 8:15
எதிரணியில் பின்னால் நான்கு பேர் தடுத்து நிற்பார்கள். அவர்களுக்கு முன்னால் இன்னொரு வரிசை. இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும், அங்கே போய் நிற்பவர்தான் தாக்கும் நடுக்கள வீரர். முன்னாலும் எதிரி, முதுகுக்குப் பின்னாலும் எதிரி. பந்து காலுக்கு வந்த பிறகு யோசிப்பவரால் அங்கே ஆட முடியாது. அதனால் எரிக்சன் பந்து வருவதற்கு முன்பே இருபக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்து வைத்துக்கொள்வார். தடுப்பாளர்கள் இருவருக்கு நடுவே கண்ணிமைக்கும் நேரம் ஒரு இடைவெளி திறக்கும். அது மூடுவதற்குள் பந்து அதன் வழியே போய், ஓடுகிற தன் ஆளின் காலடியில் அவன் வேகம் குறையாதபடி சேர வேண்டும். கோல் அடித்தவன் பெயர்தான் பலகையில் வரும். எரிக்சன் செய்ததைக் கவனித்தவர்கள் மட்டும் அறிவார்கள்.

தாத்தா, 8:21
தறியில் மிதியை அழுத்தினால் நீள இழைகளான பாவு இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கும். திறந்திருக்கும் அந்தக் கணத்துக்குள் குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடா மறுகரை சேர்ந்துவிட வேண்டும். பிந்தினால் நடுவில் சிக்கி இழையை அறுத்துவிடும். நீ சொல்வது அதுதானே?

மாமா, 8:22
அதேதான் அப்பா. ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு இருபது வருடமாகப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒருநாளும் சொன்னதில்லை. நாளை காலை பயிற்சியில் இதைத்தான் சொல்லப் போகிறேன்.

கதிர் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான்.

கதிர், 8:24
தாத்தா, இது 2017 நவம்பர், டப்ளின் நகரம். தோற்றால் உலகக் கோப்பைக்குப் போக முடியாத ஆட்டம். அயர்லாந்தை 5-1 என்று வென்றார்கள். அவர் மட்டும் மூன்று கோல். இரண்டாவது கோலை மட்டும் பாருங்கள் போதும்.

அம்மா, 8:30
இவ்வளவு நன்றாக ஆடியவருக்கு இதயத்தில் என்ன ஆனது?

நான், 8:38
அம்மா, நீங்களும் அன்றைக்கு எங்களோடு உட்கார்ந்து பார்த்தீர்கள். 2021 ஜூன் 12, சனிக்கிழமை, ஊரடங்குக் காலம். யூரோ கோப்பையில் டென்மார்க்குக்கு அதுதான் முதல் ஆட்டம். கோபன்ஹேகனில் பின்லாந்துக்கு எதிராக ஆடினார்கள். நம் நேரம் இரவு பத்தே கால் இருக்கும். முதல் பாதி முடியப் போகிறது. பக்கவாட்டுக் கோட்டருகே பந்தை எறிகிறார்கள், அதை வாங்க இரண்டு எட்டு வைத்தவர் அப்படியே முகம் குப்புற விழுந்தார். யாரும் தள்ளவில்லை, யாரும் மோதவில்லை. கண்கள் திறந்தபடி இருந்தன. நீங்கள்தான் தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னீர்கள்.

அம்மா, 8:40
அந்தப் பையனா. அவன் துணைவி மைதானத்துக்குள் அழுதுகொண்டு நின்றாளே. நினைவிருக்கிறது. தூங்காமல் விழித்திருந்து, அவனுக்கு நினைவு திரும்பிவிட்டது என்று செய்தி வந்த பிறகுதான் படுத்தேன்.

சித்தி, 8:52
அக்கா, அவரை எது காப்பாற்றியது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. அணித் தலைவர் சைமன் கியார் ஓடிவந்து மூச்சுப்பாதையைச் சரிபார்த்தார். மருத்துவக் குழு உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கியது. கருவியைக் கொண்டுவந்து மின்னதிர்ச்சி கொடுத்தார்கள், இதயம் மீண்டது. அணி வீரர்கள் சுற்றி வட்டமாக, முதுகைக் காட்டியபடி நின்று, கேமராக்களிடமிருந்து அவரை மறைத்தார்கள். எங்கள் வார்டில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு இந்தச் சம்பவத்தைச் சொல்லித்தான் நெஞ்சழுத்தம் கற்றுக்கொடுக்கிறேன். கைகளை நெஞ்சின் நடுவே வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் உயிர் நழுவும். இந்தக் குழுவில் இருக்கும் பதினோரு பேரில் என்னைத் தவிர யாருக்கும் இது தெரியாது. வரும் பொங்கலுக்குள் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துவிடுவேன்.

மாமா, 8:55
அரங்கத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பின்லாந்து ரசிகர்கள் "கிறிஸ்டியன்" என்று கூவ, டென்மார்க் ரசிகர்கள் "எரிக்சன்" என்று பதில் கொடுத்தார்கள். இரண்டு நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு பெயரைச் சொல்லி முடித்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

தாத்தா, 8:58
எனக்கு வைத்ததும் அவருக்கு வைத்ததும் ஒன்றா?

சித்தி, 9:03
இல்லை அப்பா. உங்கள் இதயம் மெதுவாகத் துடித்தது, அதனால் வேளை தவறாமல் தட்டிக்கொடுக்கும் பேஸ்மேக்கர். அவருக்கு வைத்தது ஐசிடி. எப்போதும் காவல் இருந்து, துடிப்பு ஆபத்தாக மாறினால் உள்ளேயே மின்னதிர்ச்சி கொடுக்கும். உங்களுக்கு வந்ததைவிடப் பெரிய ஆபத்து அவருக்கு வந்தது.

தாத்தா, 9:04
அதோடு எப்படி ஆட விட்டார்கள்?

மாமா, 9:19
இத்தாலியில் விடவில்லை. அப்போது அவர் மிலானின் இன்டர் அணியில் இருந்தார். அங்கேயும் முதல் வருடம் பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள். அவர் கதை முடிந்தது என்றே பேசினார்கள். 2021 ஜனவரியில் ஏசி மிலானுக்கு எதிரான கோப்பை ஆட்டத்தில் 97-ஆவது நிமிடம் ஒரு ஃப்ரீ கிக்கில் கோல் அடித்து வென்று கொடுத்தார். அதன் பிறகு அணியில் நிலைத்தார். பதினோரு வருடம் கழித்து இன்டர் லீக் பட்டம் வென்றது. அடுத்த மாதமே கோபன்ஹேகனில் விழுந்தார். ஐசிடி வைத்தவர் இத்தாலிய லீக்கில் ஆட விதி இடம் தராது. டிசம்பரில் ஒப்பந்தம் முறிந்தது.

சும்மா இருக்கவில்லை அப்பா. சிறுவயதில் ஆடிய ஒடென்சியில் தனியாகப் பயிற்சி செய்தார். சுவிட்சர்லாந்தின் கியாசோ என்ற சிறிய அணியோடு சேர்ந்து ஓடினார். பிறகு அயாக்ஸின் இளைஞர் அணியோடு. உலகமே அறிந்த ஆட்டக்காரர், அறியாப் பிள்ளைகளுக்கு நடுவே நின்று முதலிலிருந்து தொடங்கினார். அயாக்ஸில் அவரோடு ஆடிய டேலி பிளின்ட் அவருக்கும் முன்பே ஐசிடி வைத்துக்கொண்டு திரும்பி வந்து ஆடியவர். லண்டனின் பிரென்ட்ஃபோர்ட் அணி கூப்பிட்டது. அதன் பயிற்சியாளர் தாமஸ் ஃபிராங்க், டென்மார்க் சிறுவர் அணியில் அவருக்குப் பயிற்சி கொடுத்தவர். 2022 பிப்ரவரி 26 அன்று களமிறங்கினார். விழுந்து 259-ஆவது நாள்.

அடுத்த மாதம் டென்மார்க் அணிக்கும் திரும்பினார். ஆம்ஸ்டர்டாமில் இரண்டாம் பாதியில் உள்ளே வந்து இரண்டு நிமிடத்துக்குள் கோல். மூன்று நாள் கழித்து, விழுந்த அதே கோபன்ஹேகன் மைதானத்தில், அணித் தலைவராக நின்று இன்னொரு கோல்.

கதிர், 9:21
2024 யூரோவை விட்டுவிட்டீர்கள் மாமா! ஸ்லோவேனியாவோடு ஆடியதில், நெஞ்சில் பந்தை வாங்கி இறக்கிக் கோல் அடித்தார். விழுந்து 1100-ஆவது நாள். நெஞ்சில், தாத்தா!

அம்மா, 9:26
எல்லாம் சரி. கதிர், இதைக் கேட்டுவிட்டு நீ ஞாயிற்றுக்கிழமை காந்தி ஸ்டேடியத்துக்குக் கிளம்பிவிடாதே. தாத்தாவுக்கு வந்த பிறகு எனக்கு உன்னை ஓட விடவே பயமாக இருக்கிறது.

கதிர், 9:27
அம்மா, நானும் அதே இடத்தில்தான் ஆடுகிறேன். என் அணியில் அந்தச் சந்தில் நிற்க வேறு ஆள் இல்லை.

சித்தி, 9:31
அக்கா, பயந்து வீட்டில் உட்கார வைப்பது வேண்டாம். தாத்தாவுக்கு வந்தது வயதோடு வருவது. ஆனாலும் ஓடியாடும் பிள்ளைக்கு ஒருமுறை ஈசிஜியும் எக்கோவும் எடுத்துவிடுவது நல்லதுதான். வெள்ளிக்கிழமை எனக்குப் பகல் பணி இல்லை, நானே கூட்டிக்கொண்டு போகிறேன். மைதானத்துக்கு யார் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி வாங்கி வைப்பது என்று அடுத்துக் கேட்கப் போகிறேன். அதையும் விட மாட்டேன்.

அம்மா, 9:33
ரிப்போர்ட்டை என் கண்ணால் பார்த்த பிறகுதான்.

கதிர், 9:33
சரி அம்மா.

தாத்தா, 9:47
திரும்பி வந்த பிறகு பழையபடி ஆடினாரா? உள்ளதைச் சொல்.

மாமா, 9:58
உள்ளதைச் சொல்கிறேன் அப்பா. பழைய ஓட்டம் இல்லை. 2022-இல் மான்செஸ்டர் யுனைடெட் போனபோது பெரும்பாலும் இன்னும் பின்னால் நின்று ஆட வைத்தார்கள். இளையவர்கள் அவரைத் தாண்டி ஓடினார்கள், சில ஆட்டங்களில் மூச்சு வாங்கியது தெரிந்தது. ஆனால் பந்து வருமுன் தலையைத் திருப்பிப் பார்ப்பது போகவில்லை. அந்த நேரத்துக்கு, அந்த வேகத்தில், அந்த இடைவெளியில் பந்தை விடுவது போகவில்லை. 2024 யூரோவில்தான் டென்மார்க்குக்காக மிக அதிக ஆட்டங்கள் ஆடியவர் என்ற இடத்துக்கும் வந்தார், 133. 2025-இல் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் அணிக்குப் போனார்.

நான் உங்களிடம் எதையும் வற்புறுத்தவில்லை. உங்கள் தறி, உங்கள் முடிவு.

தாத்தா, 10:09
இடக்கையால் பலகையை அடிக்க இப்போது முடியாது. பாவு பிணைக்க, அறுந்த இழையைப் பார்த்து முடிய, கண்ணும் விரலும் போதும். எதிர்வீட்டுப் பெண் கற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வருடமாகக் கேட்கிறது.

அம்மா, 10:10
அப்பா.

தாத்தா, 10:12
தாரமங்கலத்துக்காரரைத் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆறு வாரம் ஆகட்டும். அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சித்தி, 10:13
நானே தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன் அப்பா.

தாத்தா, 10:15
கதிர், ஞாயிற்றுக்கிழமை ஸ்டேடியத்தில் எத்தனை மணிக்கு ஆட்டம்?

கதிர், 10:15
ஆறரை மணிக்கு தாத்தா. ரிப்போர்ட் நன்றாக வந்தால்.

தாத்தா, 10:17
ஆட்டோ வேண்டாம். ஆனந்தா பாலம் வரை பஸ்ஸில் வந்து அங்கிருந்து நடந்து பார்க்கிறேன். யாராவது ஒருவர் கூட வாருங்கள். அந்தச் சந்து எங்கே இருக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டும்.

நான், 10:18
நான் வருகிறேன் தாத்தா. குடையும் எடுத்துக்கொள்கிறேன்.