புதுப்பிப்பு: தம்பி மாடியில் தனியாகச் சமைக்கிறான்
அறிவுசார் குறைபாடுள்ள தம்பி காட்பாடி வீட்டு மாடியில் தனியாக இருக்க ஆசைப்படுகிறான், கேஸ் அடுப்புதான் பயம் என்று தை மாசம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

டைமர் வைத்த இண்டக்‌ஷன் அடுப்பு யோசனைதான் கைகொடுத்தது. சமைக்கும் முறையைக் காட்ட ஒட்டிய படங்களை அவன் சீண்டவே இல்லை. டம்ளரில் சிவப்பு நெயில் பாலிஷில் கோடு போட்டேன். அதுவரை அரிசி, அதேபோல் இரண்டு தண்ணீர்.

வங்கியில் அவனுக்குப் பாதுகாவலர் சான்று (அவன் சார்பில் செயல்பட சட்டப்படி ஒருவரை நியமிக்கும் சான்று) கேட்டார்கள். பிள்ளைக்கு 18 வயது தாண்டினால் பெற்றோருக்கும் அது வேண்டுமாம். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழுதான் தருகிறது. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம், அம்மா பெயரில் வந்தது.

எதிர்பாராதது கரண்ட் கட். பாதி வெந்த சோற்றோடு இறங்கி வந்து, "அக்கா, சாதம் தூங்கிடுச்சு" என்றான். இப்போது மாடியில் அவல் டப்பா இருக்கிறது.